வர்க்கமூலமும் சூனியமும்: மகாவீராசாரியர் கண்ட கணிதம்

ஜம்பூத்வீபத்தின் விட்டம் 1,00,000 யோசனை என்பது ஆகமம் கூறும் அளவு. வட்டமான அத்தீவின் சுற்றளவைக் காண, முன்னோர் விட்டத்தின் வர்க்கத்தைப் பத்தால் பெருக்கி, வந்த தொகைக்கு வர்க்கமூலம் எடுத்தனர். 3,16,227 யோசனை, 3 குரோசம், 128 தனுசு, பதின்மூன்றரை அங்குலத்திற்குச் சற்று மிகுதி என அக்கணக்கு நுணுகிச் சென்றது. உலகின் அமைப்பை உரைக்கும் கரணானுயோகத்திற்கு வர்க்கமூலம் இன்றியமையாததாயிற்று.

பேரெண்களை இடமதிப்போடு உரைக்கச் சூனியமும் வேண்டும். இதற்குத் தொன்மையான சான்றாக அறிஞர் காட்டும் நூல்களுள் ஒன்று லோகவிபாகம். காஞ்சியை ஆண்ட சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டில், சக ஆண்டு 380இல், அதாவது கி.பி. 458இல், பாடலிகம் என்னும் ஊரில் சர்வநந்தி முனிவர் அதனை இயற்றினார். பாடலிகம் என்பது இன்றைய கடலூரைச் சார்ந்த திருப்பாதிரிப்புலியூர் என்பர். முனிவரின் மூலநூல் இன்று இல்லை. சிம்மசூரி வடமொழியில் ஆக்கிய வடிவமே எஞ்சியுள்ளது. அதில் 13,10,72,00,000 என்னும் எண், ஒன்றாம் இடத்திலிருந்து தொடங்கிச் சொற்களாலேயே கூறப்படுகிறது. ஈற்றிலுள்ள ஐந்து பூஜ்ஜியங்களும் ‘சூனியம்’ எனப்படுகின்றன. இடையில் வரும் பூஜ்ஜியத்தை வானைக் குறிக்கும் ‘அம்பரம்’ என்னும் சொல் உணர்த்துகிறது.

இவ்விரண்டையும் விதிகளாக வகுத்துரைத்தவர் மகாவீராசாரியர். இராஷ்டிரகூட வேந்தன் அமோகவர்ஷ நிருபதுங்கன் காலத்தில், ஏறத்தாழ கி.பி. 850இல், அவர் கணிதசாரசங்கிரகத்தை இயற்றினார். வானநூலின் ஓர் உறுப்பாகவே கணிதம் எழுதப்பட்டு வந்த காலத்தில், கணிதம் ஒன்றையே பொருளாகக் கொண்டு, ஒன்பது அதிகாரங்களாக அமைந்த நூல் அது.

மிகை எண்ணின் வர்க்கமும் குறை எண்ணின் வர்க்கமும் மிகை எண்ணே என்பது அவர் காட்டிய நெறி. 5இன் வர்க்கம் 25. குறை 5இன் வர்க்கமும் 25. ஆதலின் 25க்கு மூலம் இரண்டு. எந்த எண்ணை வர்க்கித்தாலும் குறை எண் தோன்றாது. இயல்பிலேயே வர்க்கம் அல்லாத குறை எண்ணுக்கு வர்க்கமூலம் இல்லை என்று அவர் ஐயமின்றி உரைத்தார். பல நூற்றாண்டுகளுக்குப் பின், 1572இல், இத்தாலியரான பொம்பெல்லி அத்தகைய மூலங்களுக்குத் தனி விதிகள் வகுத்தார். அவை புதியதோர் எண்வகையாக வளர்ந்தன. மகாவீரர் எடுத்துக்கொண்ட எண்களின் எல்லைக்குள் அவர் கூற்று இன்றும் வழுவற்றது.

சூனியத்தின் நிலை வேறு. அதன்மேல் செய்யும் பெருக்கல் முதலிய செயல்கள் சூனியத்தையே தரும் என்றார் ஆசாரியர். ஆகவே அதன் வர்க்கமும் சூனியம், மூலமும் சூனியம். மிகை எண்ணுக்கு இரு மூலம், குறை எண்ணுக்கு மூலமில்லை. இவ்விரண்டிற்கும் நடுவே ஒரே மூலத்தோடு நிற்பது சூனியம்.

ஆயினும் ஓரிடத்தில் அவர் விதி நிலைபெறவில்லை. ஓர் எண்ணைச் சூனியத்தால் வகுத்தால் அவ்வெண் மாறாது என்றார் அவர். பன்னிரண்டு கனிகளைப் பங்கிடப் பெறுவோர் எவருமில்லையெனில் கனிகள் அப்படியே கிடக்கும் என எண்ணினால் இது பொருத்தமாகவே தோன்றும். ஆனால் வகுத்து வந்த ஈவை வகுத்த எண்ணால் பெருக்கினால் முதலெண் மீள வேண்டும். பன்னிரண்டைச் சூனியத்தால் பெருக்கினால் சூனியமே கிட்டும் என்பது அவருடைய விதியே அன்றோ! 628இல் பிரம்மகுப்தர் அத்தகைய எண்ணைச் சூனியத்தைக் கீழெண்ணாகக் கொண்ட பின்னமாகவே நிறுத்தினார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாஸ்கராசாரியர் அதனை முடிவிலி என்றார். அவ்வகுத்தலுக்குப் பொருளே இல்லை என்பது இன்றைய கணிதத்தின் துணிபு.

இதனை மறைத்துப் புகழ்வது ஆசாரியருக்குச் செய்யும் சிறப்பாகாது. சத்தியத்தை விரதமாகக் கொண்ட சமயம், தன் முன்னோரின் நிறையைச் சொல்லும் வாயால் குறையையும் சொல்லத் தகும். பேரறிஞர் பலர் முயன்றும் எளிதில் வசப்படாத வினா அது என்பதை அக்குறையே உணர்த்துகிறது.

இந்நூலை உலகறியச் செய்தது சென்னை. மாநிலக் கல்லூரியின் வடமொழிப் பேராசிரியராக இருந்த எம். ரங்காசாரியார், அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தின் பொறுப்பையும் ஏற்றிருந்தார். கணித வரலாற்றுக்கு ஒளிதரும் நூல் தேடியபோது அங்கே முற்றுப்பெறாத மூன்று சுவடிகளே அவருக்குக் கிடைத்தன. பின்னர் மூடபித்திரி ஜைன மடம் முதலான இடங்களிலிருந்து வந்த படிகளைக் கொண்டு பாடம் ஒப்பிட்டு, ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1912இல் பதிப்பித்தார்.

மடங்களிலும் இல்லங்களிலும் ஏடுகளைப் படியெடுத்துக் காத்தோரின் சாஸ்திரதானத்தால் கணிதசாரசங்கிரகம் பிழைத்தது. காப்பாரின்றிப் போன சர்வநந்தியின் மூலநூல் நம் மண்ணிலேயே மறைந்தது. ஸ்ருத பஞ்சமியன்று ஏடுகளுக்குப் பூசை செய்யும் இல்லங்கள், பரணில் கிடக்கும் கட்டுகளை அவிழ்த்துப் பார்த்து, தூசு தட்டி, படியெடுத்து வைப்பின் அதுவும் பூசையே ஆகும்.