ஓமந்தையைக் கடந்த புலமைப்பரிசில்

கலாநிதிப் பட்ட ஆய்வுக்கு வெளியார் பணத்தை நம்புவது இலங்கைத் தமிழ்க் கல்வியில் பழைய வழக்கம். 1870இல் பொன்னம்பலம் அருணாசலம் அரசாங்கப் புலமைப்பரிசில் பெற்று கேம்பிரிட்ஜ் போனபோது கலாநிதிப் பட்டம் பற்றிய பேச்சே இல்லை. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவான பிறகும் உயர் ஆய்வுக்குக் கடல் கடந்தே ஆகவேண்டியிருந்தது. தமிழ்த் திறனாய்வாளர்களான கைலாசபதியும் சிவத்தம்பியும் பேர்மிங்காமில் பேராசிரியர் ஜோர்ஜ் தொம்சனிடம் ஆய்வு செய்தார்கள். 1951இல் நடைமுறைக்கு வந்த கொழும்புத் திட்டமும், 1959 ஒக்ஸ்போர்ட் மாநாட்டில் வடிவம் பெற்ற பொதுநலவாயப் புலமைப்பரிசிலும் அடுத்த தலைமுறைக்கு வழி திறந்தன.

வன்னிக்கு இந்த வழக்கம் பிந்தியே வந்தது. வவுனியாவில் 1991இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. 1997இல் அது யாழ். பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமானது. வளாகம் என்றால் விரிவுரையாளர் வேண்டும். தகுதிகாண் விரிவுரையாளர் நிரந்தரமாவதற்கு மேற்பட்டம் வேண்டும். பட்டத்துக்குப் பணம் வேண்டும், அது ஊரில் இல்லை.

புலமைப்பரிசிலுக்கு வேண்டிய தூதரகம், ஆங்கிலத் தேர்வு, நேர்முகம் எல்லாமே கொழும்பில். வன்னியின் வடபகுதியிலிருந்து அங்கே போகும் வழி ஓமந்தை. வவுனியாவுக்கு வடக்கே கண்டி வீதியில் உள்ள இந்தச் சிறிய ஊர், 1997இல் தொடங்கிய ஜெயசிக்குறு இராணுவ நடவடிக்கையின்போது இராணுவத்திடம் போய், 1999இல் மீண்டும் விடுதலைப் புலிகளிடம் கைமாறியது. 2002 போர்நிறுத்தத்தின் பின் அது இரு தரப்புக்கும் இடையிலான கடவையாயிற்று. பேருந்திலிருந்து இறங்கி, பொதியைச் சுமந்து நடந்து, பையைத் திறந்து, அடையாள அட்டையை நீட்ட வேண்டும். உறையில் இருந்த பட்டச் சான்றிதழும் பேராசிரியரின் பரிந்துரைக் கடிதமும் அங்கே சோதனை மேசை மேல் விரிக்கப்பட்டன. ஆய்வுத் திட்டத்தின் தரத்தைத் தேர்வாளர்கள் பார்ப்பதற்கு முன்னரே, அதை எழுதியவர் அன்று கொழும்பு போய்ச் சேர்வாரா என்பதை வீதி தீர்மானித்தது. தகுதி இருந்தும் நாள் தவறியதால் இழந்த வாய்ப்புகளுக்கு எந்தப் பதிவேடும் இல்லை. அந்த இழப்பைக் கணக்கில் எடுக்காமல் வன்னியின் கல்வி வரலாற்றை எழுத முடியாது.

2006 ஆகஸ்டில் யாழ்ப்பாணத்துக்குச் செல்லும் முகமாலைப் பாதை அடைபட்டது. ஓமந்தையில் கட்டுப்பாடு இறுகியது. போர் முடிந்து 2011இல் ரயில் ஓமந்தைவரை வந்தது. சோதனைச்சாவடி 2015இல்தான் அகன்றது. 2021 ஆகஸ்ட் 1 முதல் வளாகம் வவுனியாப் பல்கலைக்கழகமாக இயங்குகிறது.

மேற்பட்ட ஆய்வுக்கு அரசு நிதியும் உலக வங்கிக் கடனும் சில புலமைப்பரிசில் இடங்களைத் தந்தன. ஆனால் 2022 மார்ச்சில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதத்துக்குள் 360ஐத் தாண்டியபோது, சொந்தச் செலவில் வெளிநாடு போகும் எண்ணமே பலருக்கு இல்லாமற் போயிற்று. கட்டணம், பயணம், வாழ்க்கைச் செலவு மூன்றையும் ஏற்கும் முழு உதவிதான் மிச்ச வழி.

அதற்கும் ஒரு விலை உண்டு. கற்கை விடுமுறையில் போகும் விரிவுரையாளர் பிணை முறியில் கையெழுத்திடுகிறார்: திரும்பி வந்து குறித்த காலம் பணியாற்ற வேண்டும், இல்லையேல் பணத்தைக் கட்ட வேண்டும். பிணையாளிகளாகவும் சிலர் கையெழுத்திடுகிறார்கள். ஆய்வாளர் வராவிட்டால் அவர்களையும் தேடி அறிவித்தல் வரும்; வெற்றிடமாக நிற்கும் விரிவுரையாளர் பதவியின் பாடத்தை அடுத்தவர் எடுத்து நடத்துகிறார்.