ஒரு பை ரத்தத்திலிருந்து பிளேட்லெட்டை மட்டும் எப்படிப் பிரிக்கிறாங்க?

டெங்கு சீசன் வந்தாலே வாட்ஸ்அப் குரூப்களில் 'பிளேட்லெட் அவசரம்' என்ற மெசேஜ் சுத்த ஆரம்பிச்சிடும். நாம கொடுக்கிறது முழு ரத்தம். அதிலிருந்து பிளேட்லெட்டை மட்டும் எப்படி எடுக்கிறாங்க?

ரத்தக்கசிவை அடைக்கும் தட்டணுக்கள்தான் பிளேட்லெட். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை இருந்தால் நார்மல்.

முதல் சுற்று: மெதுவா

பிளேட்லெட் எடுக்கப்போகும் ரத்தத்தை ஃப்ரிட்ஜில் வைக்க மாட்டாங்க. 20-24 டிகிரி செல்சியஸில் வெச்சு, சில மணி நேரத்துக்குள் பிரிச்சாகணும். ரத்தப் பையை சென்ட்ரிஃப்யூஜ் மெஷினில் வெச்சு சுத்துவாங்க. பஸ் வேகமா வளையும்போது நாம வெளிப்பக்கம் தள்ளப்படுறோமே, அதே கதைதான். கனமான சிவப்பணுக்கள் அடியில் தங்கிடும். பிளேட்லெட் கலந்த மஞ்சள் நிற பிளாஸ்மா மேலே நிற்கும். அதை அழுத்தி, குழாய் வழியா பக்கத்துப் பைக்கு மாத்துவாங்க. பைகள் முன்பே ஒண்ணோடொண்ணு இணைந்திருப்பதால் கிருமி நுழைய வழியில்லை.

இரண்டாவது சுற்று: வேகமா

இப்போ அந்தப் பையை இன்னும் வேகமா சுத்தினால் பிளேட்லெட் அடியில் படியும். 50-70 மி.லி. பிளாஸ்மாவை மட்டும் அதோடு விட்டுட்டு, மீதியை மூணாவது பைக்கு மாத்திடுவாங்க. ஆக, ஒருவர் கொடுத்த ரத்தம் சிவப்பணு, பிளாஸ்மா, பிளேட்லெட் என மூணு பேருக்குப் பயன்படும்.

இப்படிக் கிடைக்கும் ஒரு யூனிட், பெரியவர்களுக்கு சுமார் 5,000 முதல் 10,000 வரைதான் எண்ணிக்கையை உயர்த்தும். அதனால் பல யூனிட் தேவைப்படலாம். ஒரே கொடையாளரிடமிருந்து அஃபெரிசிஸ் மெஷின் மூலம் எடுத்தால், சுமார் 6 யூனிட்டுக்குச் சமமான அளவு கிடைக்கும். மெஷின் பிளேட்லெட்டை மட்டும் எடுத்துக்கிட்டு, மீதி ரத்தத்தை அவருக்கே திருப்பி அனுப்பிடும்.

5 நாள்தான் ஆயுள்

சிவப்பணுக்கள் ஃப்ரிட்ஜில் 42 நாள் வரை தாங்கும். பிளேட்லெட்டை அறை வெப்பநிலையில், ஆட்டிக்கிட்டே இருக்கும் மெஷினில் வைக்கணும். அப்பவும் 5 நாள்தான். ஸ்டாக் வைக்க முடியாததால்தான் இவ்வளவு தட்டுப்பாடு.

இன்னொரு விஷயம். மெசேஜ் பார்த்து ஓடிப்போய் நாம கொடுக்கும் ரத்தத்தையும் ஹெச்.ஐ.வி, மஞ்சள் காமாலை, மலேரியா டெஸ்ட் எல்லாம் முடிச்சுப் பிரிச்ச பிறகுதான் ஏத்த முடியும். இன்னைக்கு வார்டில் இருப்பவருக்கு உடனே உதவுறது, கடந்த சில நாளில் யாரோ கொடுத்த ரத்தம்தான்.

அதனால, மெசேஜுக்காகக் காத்திருக்காதீங்க. ஆண்கள் 3 மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் 4 மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுக்கலாம். ஆஸ்பிரின் சாப்பிட்டிருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லிடுங்க. அது பிளேட்லெட்டின் வேலையைக் குறைக்கும்.