மணல் தரையில் மேய்ச்சல்: இருக்கும் புல்லை அழிக்காமல் தீவனம் வளர்ப்பது எப்படி?

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் பெரும்பகுதி புத்தளம் கரையோரத்தில்தான் வந்து தங்கியது. எங்கள் குடும்பமும் அவற்றில் ஒன்று. மன்னாரில் விட்டுவந்த பட்டிக்குப் பதிலாக இங்கே நாலைந்து ஆடு, பிறகு ஒரு பசு என்று எங்களைப் போலப் பலர் மீண்டும் தொடங்கினார்கள். காணியோ சில பேர்ச்சுகள்தான். மேய்ச்சல் அயல் தென்னந்தோட்டங்களிலும் தெருவோரங்களிலும்.

இந்தக் கரையில் மழையின் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும். ஏப்ரலிலும் கொஞ்சம் கிடைக்கும். சோளகம் வீசும் ஜூன் முதல் செப்டெம்பர் வரை தரை காய்ந்து கிடக்கும். மணல் நீரையும் பசளையையும் பிடித்து வைக்காது. கற்பிட்டியில் தோட்டங்களுக்கு இடும் யூரியா நிலத்தடி நீரில் நைத்திரேற்றாகச் சேர்ந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே பசளை கொட்டிப் புல் வளர்ப்பது நாம் குடிக்கும் கிணற்றையே கெடுக்கும்.

அறுகும் ஒட்டுப்புல்லும் இந்த மணலுக்குப் பழகியவை. வேர் மணலைப் பிடித்துக்கொள்ளும். கோடையில் காய்ந்தாலும் மழைக்குத் துளிர்க்கும். அதை உழுது புரட்டினால் சோளகம் மேல்மண்ணை அள்ளிக்கொண்டு போய்விடும். ஆனால் காய்ந்த புல்லில் புரதம் குறைவு. தீவனத்தில் புரதம் ஏறத்தாழ 7 வீதத்துக்குக் கீழே போனால் விலங்கால் அந்தப் புல்லைச் சரியாகச் செரிக்க முடியாது. வயிறு நிறைந்திருக்கும், பால் வற்றும்.

அந்தக் குறையை அவரையினச் செடிகள் நிரப்பும். வெயில் படும் மணலுக்கு ஸ்ரைலோ எனப்படும் முயல் மசால் ஏற்றது. செய்முறை இது:

1. மழைக்கு முன் புல்லை நன்றாக மேயவிட்டுக் கட்டையாக்குங்கள்.
2. விதையின் தோல் கடினமானது. 80 பாகை வெந்நீரில் 4 நிமிடம் வைத்து, பின் இரவு முழுதும் குளிர்நீரில் ஊறவிடுங்கள்.
3. குப்பைவாரியால் தரையைக் கீறி, ஏக்கருக்கு 4 கிலோ அளவில் தூவுங்கள். ஆழப் புதைக்க வேண்டாம்.
4. செடி வேரூன்றும்வரை மேயவிடாதீர்கள். ஆண்டுக்கொரு முறை விதை கொட்ட விட்டால் தானாகப் பெருகும்.

தென்னையின் கீழ் நிலைமை வேறு. 26 அடி இடைவெளியில் நட்ட தோப்பில், மரங்கள் 20, 25 வயதைத் தாண்டிய பிறகே புல்லுக்குப் போதிய வெளிச்சம் விழும். 1929இல் தொடங்கிய லுணுவில தெங்கு ஆராய்ச்சி நிலையம், தென்னைக்கு ஊடே பிரக்கியாரியா இனப் புற்களையும் கிளிசரியாவையும் வளர்ப்பதை ஆராய்ந்திருக்கிறது. மரத்தைச் சுற்றி 6 அடியை வெறுமையாக விடுங்கள். தோட்டக்காரரிடம் அனுமதி கேட்கும்போது சொல்வதற்கு நமக்கும் ஒன்று இருக்கிறது: களை குறையும், எரு அவர் மண்ணிலேயே விழும்.

காணியே இல்லாதவருக்கு வேலிதான் மேய்ச்சல் தரை. மழை தொடங்கும்போது முற்றிய கிளிசரியாத் தடிகளை நெருக்கமாக நடுங்கள். முதலாண்டு வெட்டாதீர்கள், பின்பு இரண்டு மூன்று மாதத்துக்கொரு முறை குழை கிடைக்கும். குழையில் புரதம் ஏறத்தாழ 20 வீதம். மணம் பிடிக்காத ஆட்டுக்குச் சற்று வாடவிட்டுக் கொடுங்கள். மொத்தத் தீவனத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் வேண்டாம். கோ-3 புல் நடுவதானால் குளிக்கும் கிணற்றடியில், கழிவுநீர் ஓடும் இடத்தில் மட்டும் நடுங்கள்.

மன்னாருக்கும் வன்னிக்கும் திரும்பியவர்களுக்கும் இது பொருந்தும். கண்ணிவெடி அகற்றப்பட்டதாக உறுதிசெய்யப்பட்ட காணியில் கால் வைத்ததும் உழவு இயந்திரத்தை இறக்காதீர்கள். ஒரு மழை பார்த்து, என்ன புல் துளிர்க்கிறது என்று கவனியுங்கள். நாம் இல்லாத காலத்திலும் அந்த மண்ணில் நின்ற புல் அது; அதற்குள் புதியதை விதையுங்கள்.