ஒல்காரியாவின் நீராவி

புவியின் உள்வெப்பத்தை மின்சாரமாக்கும் முயற்சியில் முதற்றடை பொறியன்று. நிலத்தடியைப் பற்றிய அறியாமையேயாம். கீழே நீராவி உண்டோ இல்லையோ என்பது ஆழ்கிணறு துளைத்த பின்னரே தெளிவாகும். கிணறு பொய்த்தாற் செலவிட்ட பெரும்பொருள் மீளாது. ஆதலின் வங்கிகள் இக்கட்டத்திற் கடன் கொடுக்கத் தயங்குகின்றன.

கெனியாவின் ஒல்காரியா இதற்குத் தக்க சான்றாகும். நைவாசா ஏரிக்கு அண்மையிலுள்ள இவ்விடத்தில் 1950களிற் துளைக்கப்பட்ட இரு கிணறுகளும் பயன் தரவில்லை, முயற்சி தளர்ந்தது. 1970இல் ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டம் கெனிய அரசுடன் சேர்ந்து ஆய்வுக்குப் பொருளுதவி புரிந்தது. மீண்டும் கிணறுகள் துளைக்கப்பட்டன, நீராவி வெளிப்பட்டது. 1981இல் 15 மெகாவாற்று வலுவுடைய முதற்பொறி இயங்கிற்று. 1985இல் நிலையத்தின் வலு 45 மெகாவாற்றாயிற்று. இன்று கெனியாவின் மின்சாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரு பங்கு புவிவெப்பத்தினின்றே பெறப்படுகின்றது.

2012இல் ஆபிரிக்க ஒன்றியமும் ஜேர்மனியும் பிறரும் கிழக்காபிரிக்காவுக்கென நிறுவிய மானிய நிதியும் இந்நெறியினதே. அது மேற்பரப்பாய்வுச் செலவில் 80 வீதம் வரையும், ஆய்வுக்கிணற்றுச் செலவில் 40 வீதம் வரையும் ஏற்பது. எஞ்சியதை முயல்வோரே தாங்குதல் வேண்டும்.

முதற்கிணறுகள் பொய்த்தமை நிலத்தின் வறுமையைக் காட்டவில்லை. அடுத்த கிணற்றின் செலவைத் தாங்குவோர் இல்லாதிருந்தால், அவ்வுண்மை மண்ணுள்ளேயே மறைந்திருக்கும்.