ஒப்பந்த வேலை செய்யும் இளைஞர்களே, பி.எஃப். பணத்தைக் கரைத்துவிடாதீர்கள்!

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் எனத் தொழிற்சாலைகள் உள்ள இடங்களில் நம் சமுதாய இளைஞர்கள் பலர் ஒப்பந்தத் தொழிலாளர்களாக வேலை செய்கிறார்கள். ஆறு மாதம் ஓரிடம், ஒரு வருடம் வேறோரிடம். வேலை முடிந்ததும் பலர் செய்யும் முதல் காரியம், பி.எஃப். பணத்தை எடுப்பதுதான். செல்போன், பைக், வீட்டு விசேஷம் என்று அது கரைந்துவிடுகிறது. நாற்பது வயதில் திரும்பிப் பார்த்தால் உழைத்த வருடங்கள் இருபது, கையிருப்பு ஒன்றுமில்லை.

'உணவளிப்பவன் அல்லாஹ், நாளையைப் பற்றி ஏன் கவலை?' என்று சிலர் கேட்கிறார்கள். நபி (ஸல்) அவர்கள் தம் குடும்பத்தாருக்கு ஓராண்டுக்கான உணவை ஒதுக்கி வைத்ததை ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். ஸஅத் பின் அபீவக்காஸ் (ரலி) நோயுற்றிருந்தபோது தம் செல்வத்தின் பெரும்பகுதியைத் தர்மம் செய்ய விரும்பினார். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நபியவர்கள் அனுமதிக்கவில்லை. வாரிசுகள் பிறரிடம் கையேந்தும் நிலை வரக் கூடாது என்பதே அதற்கு அவர்கள் சொன்ன காரணம். ஆகவே சேமிப்பு தவக்குலுக்கு எதிரானதன்று.

பி.எஃப். எப்படி இயங்குகிறது என்று பார்ப்போம். இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் பொதுவாக அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி ஆகியவற்றில் 12 சதவீதம் நம்மிடம் பிடிக்கப்படுகிறது. நிறுவனமும் 12 சதவீதம் செலுத்துகிறது. அதில் 8.33 சதவீதம் பென்ஷன் கணக்குக்குச் செல்கிறது. இதில் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் உரிமை உண்டு. ஒப்பந்ததாரர் செலுத்தத் தவறினால் முதன்மை நிறுவனமே பொறுப்பு.

பென்ஷன் பெற மொத்தம் பத்து வருட சேவை வேண்டும். ஒரே நிறுவனத்தில் பத்து வருடம் இருக்க வேண்டியதில்லை. யு.ஏ.என். எண் வாழ்நாள் முழுவதும் ஒன்றுதான். ஒவ்வொரு வேலையிலும் அதே எண்ணைக் கொடுத்துப் பழைய கணக்கைப் புதியதற்கு மாற்றினால் சேவைக்காலம் கூடிக்கொண்டே போகும். பென்ஷன் பகுதியையும் எடுத்துவிட்டால் அதுவரை சேர்ந்த வருடங்கள் அழிந்துவிடும். 15,000 ரூபாய் சம்பளத்துக்குப் பத்து வருட சேவையில் 58 வயதில் மாதம் சுமார் 2,140 ரூபாயும், முப்பது வருட சேவையில் 6,400 ரூபாய்க்கு மேலும் கிடைக்கும். பெரிய தொகையன்று, ஆனால் முதுமையில் மருந்துச் செலவுக்குப் பிள்ளைகளிடம் கேட்க வேண்டியதில்லை. பணியிலிருக்கும்போது வஃபாத்தானால் மனைவிக்குப் பென்ஷன் உண்டு. எனவே திருமணம் ஆனவுடன் நாமினி விவரத்தைப் புதுப்பியுங்கள்.

இது வட்டி ஆகாதா? கட்டாயமாகப் பிடிக்கப்படும் தொகை தொழிலாளியின் கைக்கு வராத ஊதியம். அதன் மீது சேரும் கூடுதல் தொகை வட்டியாகாது என்பது முஃப்தி முஹம்மது ஷஃபீ (ரஹ்) போன்ற ஹனஃபி உலமாக்களின் கருத்து. மாற்றுக் கருத்துடைய உலமாக்களும் உண்டு. நாமாக விரும்பிக் கூடுதலாகச் செலுத்துவதைத் தவிர்ப்பதே பேணுதல். ஐயமிருப்பின் உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளியுங்கள்.

பி.எஃப். இல்லாத சிறு கடை ஊழியர்கள், தினக்கூலிகள் என்ன செய்வது? சம்பளம் வந்த அன்றே பத்தில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வையுங்கள். செலவு போக மிச்சம் வைக்கலாம் என்றால் மிச்சம் வராது. அந்தப் பணத்தைச் சிறிது சிறிதாகத் தங்கமாக்கலாம். முதலில் மூன்று மாதச் செலவுக்கான தொகையைச் சேருங்கள். வேலை போனால் வட்டிக் கடைக்குப் போகாமல் காப்பது அதுதான்.

இன்றே உங்கள் யு.ஏ.என். எண்ணை எடுத்து, எத்தனை கணக்குகள் சேராமல் கிடக்கின்றன என்று பாருங்கள். படித்த இளைஞர்கள் ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசலில் அமர்ந்து மற்றவர்களுக்கு இதைச் செய்து கொடுத்தால், அதுவும் பெரும் நன்மையே. வல்ல அல்லாஹ் நம் உழைப்பில் பரக்கத் செய்து, பிறரிடம் கையேந்தாத முதுமையைத் தந்தருள்வானாக! ஆமீன்.