கிடங்கு

'கிட' என்னும் வினையிலிருந்து பிறந்த சொல். பழந்தமிழில் அகழி, பின்னர் சரக்கு கிடக்கும் இடம். மலாயின் 'குடாங்', ஆங்கிலத்தின் 'கோடவுன்' இரண்டும் இதிலிருந்தோ தெலுங்கின் 'கிடங்கி'யிலிருந்தோ கிளைத்தவை என்பர் அகராதியாளர். 1511-இல் மலாக்கா வீழ்ந்ததை எழுதிய போர்த்துக்கீசியர், சரக்கு நிறைந்திருந்த கட்டடங்களை 'குதாவோ' என்றே குறித்தனர்.

மலாக்காவுக்கு இச்சொல் இவ்வளவு தேவைப்பட்டதற்குக் காற்றே காரணம். சோழமண்டலத் துணியும் சீனப் பட்டும் வெவ்வேறு பருவக்காற்றில் வந்தன. இடைப்பட்ட மாதங்களில் சரக்கு கிடந்துதான் ஆகவேண்டும். இன்றைய விநியோகச் சங்கிலியின் கணு போன்றது அன்றைய கிடங்கு.

பின்னாளில் மலாக்காவின் சரக்கும் மாறியது. 1896-இல் அங்குள்ள புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் என்பவர் ரப்பர் நட்டார். உலர்ந்த ரப்பர் ஷீட் கிடந்தால் எளிதில் கெடாது. பின்வந்த செம்பனைக் குலை அப்படியல்ல. வெட்டிய ஒரு நாளுக்குள் ஆலை சேராவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறும். மலாக்காவின் ஜாசின், அலோர் காஜா தோட்டங்களில் லாரி வரும் நேரமே பெரிதாயிற்று. சரக்கு கிடக்கவே கூடாது என்ற இதே எண்ணத்தில், இருப்பைக் குறைப்பதே திறமை என்றிருந்த உலகத் தொழிற்சாலைகள் பல 2020 பெருந்தொற்றில் உதிரிப்பொருளின்றி நின்றன. எவ்வளவு சரக்கு, எங்கே, எத்தனை நாள் கிடக்கலாம் என்பதை இனி மேலும் மேலும் கணினிகளே கணக்கிடும். கிடங்கு ஒழியாது என்றே நம்புகிறேன்.