ஜீப்பா, வேனா? ஒரு வீட்டுக் கேள்வியும் நம் ஊர் வண்டிகளின் கதையும்



சென்ற மாதம் தி.நகரில் இருக்கும் என் தம்பி மகன் மயிலாப்பூர் வீட்டுக்கு வந்தான். என் அக்காவையும் சேர்த்து அவர்கள் வீட்டில் ஏழு பேர். புது வண்டி வாங்க வேண்டும். "பெரியப்பா, உயரமா ஒரு எஸ்.யூ.வி. வாங்கவா, இல்ல வேன் மாதிரி ஒண்ணு எடுக்கவா? சரித்திரப் பாடம் எடுத்தவராச்சே, சொல்லுங்க" என்றான். வண்டிக்கும் சரித்திரத்துக்கும் என்னடா சம்பந்தம் என்று சிரித்தேன். யோசித்துப் பார்த்தால் நிறையவே இருக்கிறது. பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் சிறு வயதில் குடும்ப வண்டி என்றால் அம்பாசடர், பியட், அப்புறம் நம் பெருங்களத்தூரில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. ஐந்து பேர் உட்காரும் அம்பாசடரில் ஒன்பது பேர் போவோம். குழந்தைகள் மடியில். ஜீப்பை வீட்டுக்கென்று யாரும் வாங்கியதாக நினைவில்லை. அது பஞ்சாயத்து யூனியன் அதிகாரிக்கு, போலீசுக்கு, வனத்துறைக்கு. தேர்தல் வந்தால் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வரும். தெருவில் ஜீப் நின்றால் யாரோ பெரிய மனிதர் வந்திருக்கிறார் என்று அர்த்தம்.

1984-ல் மாருதி வேன் வந்தது. பின்னாளில் ஆம்னி என்று பெயர் பெற்றது இதுதான். பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் கதவு, தாழ்வான தரை, 796 சிசி எஞ்சின். அமெரிக்காவில் கிறைஸ்லர் நிறுவனம் குடும்பங்களுக்கென்றே மினிவேனை அறிமுகப்படுத்தியது 1983 இறுதியில். ஏறக்குறைய ஒரே சமயம்தான். ஆனால் அங்கே அது வீட்டு வண்டி ஆனது. இங்கே ஊர் வண்டி ஆனது. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றியது, ஆம்புலன்ஸ் ஆனது, கல்யாணச் சமையல் பாத்திரம் சுமந்தது. நம் சினிமாவில் ஆள் கடத்தலுக்கும் அதே வேன்தான்! 2019-ல் உற்பத்தி நின்றது.

2000-ல் வந்த குவாலிஸும் 2005-ல் வந்த இன்னோவாவும் பெரிய குடும்பங்களுக்குச் சொந்த வண்டியாக இருந்தன, உண்மைதான். ஆனால் விமான நிலைய வாடகைக்கும், ஐ.டி. கம்பெனி இரவுப் பணிக்கும் அவையே ஓடின. அதனால்தான் இன்றும், "நல்ல வண்டிதான், ஆனா டாக்சி மாதிரி இருக்கே" என்கிறார்கள்.

இந்த மனநிலைக்கு நம் ஒரகடத்திலேயே ஒரு பரீட்சை நடந்தது. 2012 ஜூலையில் ரெனோ டஸ்டர் அறிமுகமானது, இது எஸ்.யூ.வி. இரண்டே மாதத்தில் நிசான் இவாலியா, இது வேன். இரண்டும் ஒரகடம் தொழிற்சாலையில் தயாரானவை. இரண்டிலும் ஒரே குடும்பத்து 1.5 லிட்டர் டீசல் எஞ்சின். டஸ்டரில் ஐந்து பேர், இவாலியாவில் ஏழு பேர். ஓடியது எது? டஸ்டர்! இவாலியாவின் பின் ஜன்னல்கள் முதலில் திறக்காததும் நம் ஊர் வெயிலில் ஒரு குறைதான். ஆனால் அதுமட்டும் காரணமில்லை. அசோக் லேலண்ட் அதே வண்டியை 2013-ல் 'ஸ்டைல்' என்ற பெயரில் விற்றுப் பார்த்து, 2015-ல் நிறுத்திவிட்டது. டஸ்டரின் அடித்தளத்திலேயே உருவான லாட்ஜி என்ற வேனும் 2015-ல் வந்து, பெரிதாக எடுபடாமல் போனது. அதே காலத்தில் மறைமலை நகரில் தயாரான ஈகோஸ்போர்ட்டும், இருங்காட்டுக்கோட்டையில் தயாரான கிரெட்டாவும் தெருவுக்குத் தெரு நின்றன. இரண்டிலும் ஐந்து இருக்கைதான்.

வரியாவது தடுத்ததா? 2013 பட்ஜெட்டில் எஸ்.யூ.வி.க்கு உற்பத்தி வரி 27 சதவீதத்திலிருந்து 30 ஆனது. அப்போதும் ஆசை குறையவில்லை. வேனுக்கு எப்போதும் வரி குறைவு என்றும் நினைக்காதீர்கள். இன்று வண்டியின் நீளமும் எஞ்சினும்தான் முக்கியம். நான்கு மீட்டருக்குள், பெட்ரோல் எஞ்சின் 1200 சிசிக்குள் இருந்தால் 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம், பெரிய வண்டிக்கு 40.

ஆக, நம்மவர்கள் ஜீப் மாதிரி வண்டியை விரும்பியதற்குக் காரணம் சாலை மட்டுமல்ல. ஜீப்பில் அதிகாரத்தைப் பார்த்தோம், வேனில் வாடகையைப் பார்த்தோம். இதுதான் என் கட்சி.

ஆனால் தம்பி மகன் விடவில்லை. "பெரியப்பா, 2015 டிசம்பரை மறந்துட்டீங்களா?" என்றான். மறக்க முடியுமா? அடையாறு பெருகி கோட்டூர்புரத்தில் வீடுகள் மூழ்கியதை எல்லோரும் பார்த்தோம். 2023 மிக்ஜாம் புயலிலும் பட்டோம். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்தினார்கள். அவன் பயம் நியாயம்தான். டஸ்டரின் அடிப்பகுதி தரையிலிருந்து 205 மில்லிமீட்டர். மேடு பள்ளத்துக்கும் கணுக்கால் தண்ணீருக்கும் அது உதவும். இடுப்பளவு தண்ணீரில் எந்த வண்டியும் ஒன்றுதான். எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்தால் போச்சு. இதையும் குறித்துக்கொள்ளுங்கள்: தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது, இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை எல்லோருமாக வண்டி பார்க்கப் போனோம். அக்காவுக்கு எழுபத்து நான்கு வயது, இரண்டு முழங்காலிலும் அறுவை சிகிச்சை. எஸ்.யூ.வி.யின் நடு வரிசையில் ஏறவே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நீங்க போய்ட்டு வாங்கப்பா, நான் வீட்லயே இருக்கேன்" என்றாள். குலதெய்வம் கோயிலுக்குப் போகத்தான் வண்டியே வாங்குகிறோம்! யாரும் பேசவில்லை. பிறகு தரை தாழ்ந்த ஏழு இருக்கை வண்டியைக் காட்டினார்கள். யார் கையையும் பிடிக்காமல் ஏறி உட்கார்ந்து, ஜன்னலை இறக்கி எங்களைப் பார்த்துச் சிரித்தாள்.

தம்பி மகன் அதற்கே முன்பணம் கட்டினான். "மழை வருஷத்துக்கு நாலு நாள் பெரியப்பா. அத்தை வருஷம் பூரா நம்மகூட வரணுமே" என்றான். இதற்கு மேல் நான் நடத்த வேண்டிய பாடம் எதுவும் இல்லை.

பிள்ளைகளே, வண்டி வாங்கும் முன் வீட்டில் மூத்தவரை எல்லா வரிசையிலும் ஏற்றி இறக்கிப் பாருங்கள். கடைசி வரிசையில் நீங்களே அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். உங்கள் வீட்டின் முதல் வண்டி எது, அதில் எத்தனை பேர் போனீர்கள் என்று கீழே எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.